குளிர்ச்சியாக வை, மேலும்

22.9.2025, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு நாள். போனேன். வாங்கி ஒரு ரசீது கொடுத்தார்கள். வெளியே டீக்கடையில் ஒருத்தன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்: "மனுக்காரரு வந்துட்டாருடா. அப்ப இன்னிக்கி திங்கக்கெழமைதான்." அவனுக்குக் காலண்டர் தேவையில்லை. நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விஷயம் பழையதுதான். எங்கள் கிணற்றுக்கு மேற்கே, தம்பி நாச்சிமுத்துவின் பாகத்தில் பூட்டிக் கிடக்கும் சாயப்பட்டறை. பட்டறைகளை மூடச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போட்ட வருசம், வாடகைக்கு எடுத்து நடத்தியவன் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனான். உள்ளே என்ன மருந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்போது தம்பி மகன் தரணீதரன் அதை வடநாட்டு ஆட்கள் தங்கும் விடுதியாக மாற்றப் போகிறான். கட்டில் மேல் கட்டில் போட்டு ஆட்களைப் படுக்க வைப்பான். அவர்கள் எதன் மேல் படுக்கப் போகிறார்கள் என்று ஒரு நாய் கூடக் கேட்கவில்லை.

நான் கேட்பேன். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

27.9.2025, சனி

யாரும் பார்க்காவிட்டால் நானே பார்ப்பது என்று முடிவு செய்து இன்று உள்ளே போனேன்.

முன்னறையில் காவலுக்கு இருக்கும் பாண்டித்துரையிடம் சாவி இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். தரணீதரனுக்குச் சொல்லாமல் திறந்துவிட்டான். இரண்டு பக்கத்து ஷட்டரையும் தூக்கச் சொல்லி, காற்று உள்ளே புகுந்து வெளியேறும் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். செருப்பு இல்லை, மூத்த மகளின் வீட்டுக்காரர் விட்டுப்போன பூட்ஸ். பீடி, தீப்பெட்டி எல்லாம் மரத்தடியிலேயே.

"நீ வாசல்லயே நில்லு. நான் கூப்பிட்டாப் பதில் சொல்லு. நீ கூப்பிட்டு நான் பதில் சொல்லலீன்னா உள்ள வந்துராத" என்றேன்.

"அப்ப ஒங்களை யாருய்யா தூக்குறது?"

"முகமூடி போட்டவன் வந்து தூக்கட்டும். நீ வந்தீன்னா ரெண்டு பேரைத் தூக்கோணும்."

சிரித்தான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. கழிவுத் தொட்டியில் விழுந்தவனைத் தூக்க இறங்கியவனும், அவனைத் தூக்க இறங்கியவனும் போன கதை இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பின்னாலிருக்கும் தொட்டிப் பக்கம் நான் போகவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். மேலே ஆடை கட்டிக் கிடக்கிறது.

உள்ளே புறா எச்சம். மெஷின்களின் வாயில் நீலமும் சிவப்புமாகக் காய்ந்த பொருக்கு. கல்லாய் இறுகிப்போன வெள்ளை மூட்டைகள். நீல பிளாஸ்டிக் பேரல்கள், சிலதில் ஏதோ தளும்புகிறது. வடக்குச் சுவரோரம் இரும்பு டிரம்கள், துரு ஏறி வரிசையாக. அவற்றுக்கு நேர் மேலே, இந்த ஆடிக் காற்றில் சிமெண்ட் ஷீட் உடைந்து வெயில் இறங்குகிறது. எதையும் தொடவில்லை. திறக்கவில்லை. மேலே ஏறவில்லை. வந்து துணியோடு குளித்தேன்.

அதற்கு முன், பட்டறையை விட்டு வெளியே வரும்போதுதான் கண்டேன் – பாண்டித்துரையின் சம்சாரம் அன்புசெல்வி அந்த நீல பேரல் ஒன்றில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள். குடிக்க!

"நல்லா சோப்புப் போட்டுத் தேய்ச்சுத்தான்யா வச்சுருக்கேன். இங்க ஊரே இதுலதானே தண்ணி புடிக்குது."

கத்திவிட்டேன். பாவம், அவள் முகம் செத்துவிட்டது.

28.9.2025, ஞாயிறு

எங்கள் பித்தளை அண்டாவை அன்புசெல்விக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் சம்சாரம் முத்தாத்தாள் அரை மணி கழித்துச் சொன்னாள்: "ஏனுங்க, எங்கம்மா போட்ட சீருங்க அது. மனு எழுதறவரு அதுக்கொரு மனு குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

5.10.2025, ஞாயிறு

மகள் போனில், "அப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா" என்றாள். இல்லை.

12.10.2025, ஞாயிறு

தரணீதரன் வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். நவம்பர் மூன்றாம் தேதி விடுதிக்குப் பூஜையாம்.

"பெரியப்பா, மூத்தவரு நீங்க வந்து முன்னால நிக்கோணும். அப்பாவும் சொல்லி உட்டாருங்க."

"உங்கப்பனுக்கு வாய் இல்லியா?"

"உங்களுக்கு இருக்குதுங்களா பெரியப்பா? பத்துப் பாஞ்சு வருசமா ரெண்டு பேருமே மூடி வெச்சிருக்கீங்க."

பேச்சு மட்டும் நன்றாகப் பேசுகிறான். உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்தாயா என்று கேட்டேன்.

"எல்லாம் காலி டப்பாங்க. பழசு எடுக்கறவன் வந்து அள்ளிட்டுப் போயிருவான். அப்பறம் போர் தண்ணியப் போட்டு நல்லா அடிச்சுக் கழுவி உட்டா ஆச்சு."

"கழுவற தண்ணி எங்க போகும்?"

எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். கிழக்கே சரிவு. என் கிணறு.

தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். போகும்போது வாசலில் நின்று, "உங்க கெணறு உங்களுக்கு. நூறு பேருக்குத் தங்க எடம் வேணுமுங்க" என்றான். இதில் தப்பு என்ன என்று இப்போது ராத்திரி உட்கார்ந்து யோசிக்கிறேன். அந்த நூறு பேருக்காகத்தானே நானும் கத்துகிறேன்? இல்லை, கிணற்றுக்காகத்தானா? இரண்டும்தான். இரண்டும் இருக்கக் கூடாதா?

கிணற்றில் முதன்முதலாகச் சிவப்பாகத் தண்ணீர் ஊறிய அன்று நான் நாச்சிமுத்துவின் வாசலில் நின்று சொன்னேன்: "உன் ஊட்டுத் தண்ணி இனி என் தொண்டைல எறங்காது." அம்மா செத்த வீட்டுக்கும் போனேன். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போனேன். பந்தலோடு வந்தேன். ஒரு வாய் குடித்ததில்லை.

19.10.2025, ஞாயிறு

மழை. பட்டறைக் கூரையின் ஓட்டையை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வரும். நாளை தீபாவளி. ஊரெல்லாம் பட்டாசு. போய்ப் பாண்டித்துரையிடம் அந்தப் பக்கம் ஒரு மத்தாப்புக் கூடக் கொளுத்தாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். "ஒங்களுக்குப் பயந்து வெடி போடுறத நேத்தே அந்த வேப்பமரத்தடிக்கு மாத்திட்டோம்யா" என்றான்.

26.10.2025, ஞாயிறு

மறுபடி உள்ளே. அதே மாதிரி ஷட்டர், அதே மாதிரி காத்திருப்பு. மழை அந்த மூலையைத் தொடாமல் போயிருக்கிறது, சாரல் தெற்கே அடித்திருக்கிறது. இன்று இரும்பு டிரம்களின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் போன் விளக்கில் படித்தேன். பெயர் இருந்த இடம் எலி தின்றுவிட்டது. நான் அஞ்சாவதுதான். இங்கிலீஷ் எழுத்து பூச்சிமருந்து டப்பாவில் படித்துக் கற்றது. ஒவ்வொன்றாகக் கூட்டினேன்.

கீப். கூல். அண்ட். அதற்கப்புறம் கிழிந்துவிட்டது.

வந்து மகளின் பழைய அகராதியைப் பிரித்தேன். கீப் என்றால் வை. கூல் என்றால் குளிர்ச்சி. அண்ட் என்றால் மேலும். குளிர்ச்சியாக வை, மேலும் – மேலும் என்ன? அது எலியின் வயிற்றில்.

ஆனால் பாதி தெரிந்துவிட்டது. குளிர்ச்சியாக வைக்க வேண்டியதை அந்தப் பாவி கூரை ஓட்டைக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நண்பகல் வெயிலில் பக்கத்தில் நின்றாலே அனல் அடிக்கிறது.

30.10.2025, வியாழன்

சாக்கு எடுத்துக்கொண்டு போனேன். நனைத்துப் பிழிந்து, ஓட்டைக்கு நேர் கீழே இருக்கும் டிரம்கள் மேல் போட்டேன், கோடையில் பானைக்குச் சுற்றுகிற மாதிரி. ஒன்றின் மூடி துருப்பிடித்து அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. அதற்கு இரண்டு சாக்கு, இரட்டையாக. குச்சியால் தள்ளித்தான் போட்டேன், கை படவில்லை.

ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு காரியம் முடித்த மாதிரி இருக்கிறது. பூஜைக்குள் ஒன்றும் வெடிக்காது. அதற்குள் எவனாவது ஆபீசர் வராமலா போவான்?

நாளைக்கு நல்லூர் போய் மாதவன் மாஸ்டரைப் பார்க்க வேண்டும். பல பட்டறையில் சாயம் கலக்கியவர். அந்தக் கிழிந்த வார்த்தை என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

31.10.2025, வெள்ளி

எழுதாமல் படுக்க முடியாது.

காலையில் நல்லூர். மாதவன் மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இரும்பு டிரம்முங்களா, பிளாஸ்டிக்குங்களா?"

"இரும்பு. கீப் கூல்னு போட்டிருக்குதுங்க. அப்பறம் அண்ட்டு. அப்பறம் கிழிஞ்சு போச்சுங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "கூல் அண்ட் டிரைங்க. குளிர்ச்சியாவும் இருக்கோணும், ஈரமும் படக்கூடாது. சாயத்துக்குப் போடற ஹைட்ரோஸ் மருந்தா இருக்குமுங்க அது. ஈரம் பட்டா தானாச் சூடேறும். பொகையும். தீயே புடிக்கும். நீங்க எதும் தண்ணி கிண்ணி காட்டலீங்களே?"

காட்டவில்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. "ஈரச் சாக்கு போட்டிருக்கறனுங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பொகை இல்லீன்னா சாக்கைத் தள்ளி எடுத்தரோணும். பொகை வந்துதுன்னா உள்ள போகாதீங்க. காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கம் போயி நில்லுங்க. தீயணைப்புக்குப் போன் பண்ணி மருந்துப் பேரைச் சொல்லுங்க. என்னன்னு தெரிஞ்சாத்தான் எதைக் கொண்டாறதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

பஸ் நகரவே இல்லை. இறங்கி ஓடினேன். இந்த வயசில் ஓட்டம் என்று சொல்லக் கூடாது.

பட்டறையில் புதுப் பூட்டு. நேற்றுப் பொழுதோடு தரணீதரன் வந்து பாண்டித்துரையைக் கண்டபடி பேசிவிட்டுப் பூட்டை மாற்றியிருக்கிறான். யார் சொன்னார்களோ. போன் போட்டேன், எடுக்கவில்லை. என் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டான்.

"மத்த சாவி ஒங்க தம்பி வீட்டுல இருக்குதுய்யா" என்றான் பாண்டித்துரை. அப்புறம், "காலைலருந்து தீக்குச்சி கொளுத்துன வாடை அடிக்குது. எங்கிட்டு இருந்துன்னு தெரியல."

அன்புசெல்வி முன்னறையில் ஹோஸ் பைப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கிறாள். நாளைக்குக் கழுவுவதற்கு. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வா, கேட்டைத் தாண்டி மேற்கே ரோட்டுக்குப் போங்கள், காற்று அங்கிருந்து வருகிறது என்றேன். அவள் அண்டாவை எடுக்கத் திரும்பினாள். "அதை உடு கண்ணு, போ" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை – இந்த முறை நான் கத்தவில்லை, அதனால் பயந்துவிட்டாள். போய்விட்டாள்.

அப்போதே தீயணைப்புக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். புகை இன்னும் இல்லையே, சாக்கை எடுத்துவிட்டால் போதுமே என்று நினைத்தேன். பொய். யார் போட்டது என்று கேட்பார்களே என்று நினைத்தேன். அதுதான் நிஜம்.

நாச்சிமுத்துவின் ஊட்டு வாசல். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் படியேறுவதைப் பார்த்து எழுந்து நின்றான். அவன் சம்சாரம் உள்ளிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தாள். "வாங்க மாமா."

"சாவி குடு" என்றேன் அவனிடம்.

அவன் சொம்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மொதல்ல தண்ணி குடி. அப்பறம் சாவி."

என்னத்தைச் சொல்ல. உலகமே பற்றி எரிந்தாலும் இவன் அதைத்தான் கேட்பான். என் தம்பிதானே. குடித்தேன். முழுதாக இல்லை, மூன்று மடக்கு. எறங்கியது. தொண்டைக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சொன்னேன்: "பட்டறைல ஈரச் சாக்கு போட்டுட்டேன். நாந்தான். ஈரம் ஆகாத மருந்து அது. பத்திக்கும்."

நான் செய்தது தப்பு என்று நான் ஒருவனிடம் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. அவன் உள்ளே ஓடிப்போய் வந்தான். சாவியை என் மடியில் திணித்தான். எக்ஸெல் வண்டியை உதைத்தான். இரண்டு கிழவன்களும் அதில். அவன் சம்சாரம் பின்னால் கத்தியது பாதி வழியில்தான் புரிந்தது. சொம்பு என் கையிலேயே இருக்கிறது.

கேட்டுக்கு வரும்போது ஷட்டரின் அடியில் புகை. வெள்ளையாக, தரையோடு தரையாக.

ரோட்டிலிருந்து பாண்டித்துரை அலறினான்: "ஏ பெரியவரே! கைல தண்ணிய வச்சுக்கிட்டு எங்க போறீக!"

சொம்பை ரோட்டில் கவிழ்த்தேன். சாவியை எடுத்தேன். மாஸ்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. நானே போட்ட விதி ஞாபகம் இருந்தது. இருந்தும் கால் போகிறது. நான் போட்ட சாக்கு. நான் எடுக்கிறேன். இரண்டு நிமிசம். மூச்சைப் பிடித்துக்கொண்டு –

நாச்சிமுத்து பின்னாலிருந்து இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டான். நான் எட்டி உதைத்தேன். முழங்கையால் இடித்தேன். "உடுடா" என்றேன். "உடமாட்டேண்டா, உடமாட்டேண்டா" என்று என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு கத்துகிறான். சின்ன வயசில் வாய்க்காலில் கட்டிப் புரண்டபோது கூட இப்படிப் பிடித்ததில்லை. அப்படியே என்னை இழுத்துக்கொண்டு மேற்கே ரோட்டுக்குப் போய்விட்டான். அவன்தான் தீயணைப்புக்குப் போன் பண்ணினான். போனை என் வாயருகே வைத்து, "மருந்துப் பேரைச் சொல்லு" என்றான். சொன்னேன்.

வந்தார்கள். முகமூடி, சிலிண்டர், ஒரு டிப்பர் மணல். பக்கத்து நிட்டிங் கம்பெனியிலிருந்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். உள்ளே மஞ்சளாகத் தீ தெரிந்தது. கூரை ஷீட் பட்டாசு மாதிரி வெடித்தது. முன்னறையும் போயிற்று. அதற்குள் பாண்டித்துரையின் துணிமணி, கேஸ் அடுப்பு, எல்லாம்.

ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை. அன்புசெல்வி மட்டும் இருமிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருக்கிறார்கள்.

சாவி இன்னும் என்னிடமே இருக்கிறது. திறக்கவே இல்லை.

1.11.2025, சனி

ஊர் முழுவதும் ஒரே பேச்சு: மனுக்காரரு கொளுத்திவிட்டார். தரணீதரன் என் வாசலில் நின்று, "இப்பத் திருப்தியுங்களா பெரியப்பா?" என்றான். கண் கலங்கியிருந்தது. பதில் சொல்ல எழுந்தேன்.

முத்தாத்தாள்தான் சொன்னாள்: "கண்ணு, இவரு தண்ணிச் சாக்குதான் போட்டாரு. நீ இன்னிக்கிப் பைப்பே போட இருந்தே. அந்தப் புள்ளைதான் பைப்பப் புடிச்சுட்டு நின்னிருக்கும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் போய்விட்டான்.

எனக்கு அது சமாதானம் இல்லை. அவன் செய்யப் போனது, நான் செய்தது. செய்தவன் நான்.

3.11.2025, திங்கள்

இன்றுதான் பூஜை நாள். மனு நாளும் இதுதான். எதற்கும் போகவில்லை. போலீஸ் கூப்பிட்டிருந்தார்கள். சாக்குப் போட்டது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாச்சிமுத்து கேட்காமலே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "இத்தனை வருசமா உள்ள வெச்சுப் பூட்டியிருந்தது நானுங்க. எழுதறதுன்னா ரெண்டு பேரையும் எழுதிக்குங்க" என்றான். எழுதிக்கொண்டார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

வெளியே வந்து ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

6.11.2025, வியாழன்

ஆபீசர்கள் வந்தார்கள். ஜீப், லாரி, தலையோடு கால் மூடிய உடுப்பு. மிச்ச டிரம், பேரல், மூட்டை எல்லாம் ஏறுகிறது. தொட்டிக்கு வேலி போட்டாயிற்று. ஒரு இளவயசு ஆபீசர், "உள்ளே என்னென்ன இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமாமே ஐயா" என்று கேட்டார். மூலை மூலையாகச் சொன்னேன். அந்த டிரம்மைப் பற்றி நான் தப்பாகப் படித்ததையும் சொன்னேன். முத்தாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "மனுவுக்கு வராதவங்க பொகைக்கு வந்துட்டாங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. இந்தப் புகை வராமல் இவர்கள் வந்திருக்கக் கூடாதா? நான் இன்னும் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

பாண்டித்துரையும் அன்புசெல்வியும் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் இருக்கிறார்கள். இருமல் குறையவில்லை. ராத்திரி அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

அண்டா சாம்பலிலிருந்து கிடைத்தது. அடி கறுத்துப்போய்.

9.11.2025, ஞாயிறு

நாச்சிமுத்து ஊட்டுச் சொம்பு இன்னும் எங்கள் அடுக்களையில்தான் இருந்தது. முத்தாத்தாள் புளி போட்டு விளக்கி வைத்திருந்தாள். "கொண்டுபோய்க் குடுங்க. வெறும் சொம்பாக் குடுக்காதீங்க, எதாச்சும் போட்டுக் குடுங்க" என்றாள். அடுத்தவர் ஏனத்தை வெறுமனே திருப்பக் கூடாது, அது சரிதான்.

என்ன போடுவது? தோட்டத்தில் விளைந்தது என்று சொல்ல ஒரு பிடி இல்லை. தேங்காய் எல்லாம் எலுமிச்சை அளவு. கடையில் சர்க்கரை வாங்கிப் போடலாம் என்றாள். வாங்கினது எதற்கு?

கிணற்றுக்குப் போனேன். வாளி விட்டு இறைத்தேன். மழைக்கு அப்புறம் சிவப்பு நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆனால் போகவில்லை. சொம்பு நிறைய ஊற்றிக்கொண்டு சிந்தாமல் நடந்தேன்.

நாச்சிமுத்து வாசலிலேயே வாங்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான். வெயிலில் தூக்கிப் பிடித்து, சாய்த்து, நிறத்தைப் பார்த்தான். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, இத்தனை வருசமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முற்றத்தில் கொட்டிவிடுவான் என்று நின்றேன். கொட்டவில்லை. இரண்டு கையிலும் பிடித்து, சிந்தாமல், உள்ளே கொண்டுபோனான்.